உளுவத்தலையன் வலையில் ஆவுளியா

பழைய எக்ஸ்ரே ஷீட் கொண்டுவந்து தருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “இத வச்சு என்ன சார் பண்ணப் போறீக?”

நிழல்கூத்துக்கு ஆவுளியா, அதாவது கடற்பசு, செய்யப் போகிறேன் என்பேன். சிரிப்பார்கள். ஆனால் செய்வது அதைத்தான். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஷீட்டை ஊறப்போட்டால் மேலே ஒட்டியிருக்கும் கறுப்பு வழவழவென்று கழன்றுவிடும். பல் தேய்க்கிற பழைய பிரஷால் தேய்த்து அலசினால் கண்ணாடி மாதிரி ஒரு தகடு மிஞ்சும், லேசான நீலத்தில். கடலுக்கு அந்த நீலம் தோது. சிலவற்றை நான் முழுக்கக் கழுவுவதில்லை. யாரோ ஒரு மாமாவின் விலா எலும்பு மங்கலாகத் தெரியும்படி விட்டுவிடுவேன். பின்னால் விளக்கைப் போட்டால் கடலடி மணலில் அலை போட்ட வரி மாதிரியே இருக்கும்.

“கழுவுன தண்ணிய எங்க சார் ஊத்துவீக?” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். சுற்றுச்சூழல் கூத்து போடுகிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஒரே வாளித் தண்ணீரை ஏழெட்டு ஷீட்டுக்கு ஓட்டுகிறேன். அவளுக்குச் சொல்ல அதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் ஓவிய ஆசிரியர். பகுதி நேரம், வாரத்துக்கு மூன்று அரை நாள். ஊர் புதுமடத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. மீதி நாட்களில் கடைகளுக்குப் போர்டு எழுதுவேன், படகுகளுக்குப் பேர் எழுதுவேன். கடற்கரையில் நாலு பேர் என்னோடு பேசுகிறார்கள் என்றால் அது வாத்தியார் உத்தியோகத்தால் அல்ல, பெயிண்ட் டப்பாவால்.

நான் கடற்கரைக்காரன் கிடையாது. முதுகுளத்தூர்ப் பக்கம், கரிசல். அரசாங்க ஊழியர்களை மிரட்ட ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்’ என்பார்களே, அந்தக் காட்டிலேயே பிறந்தவன். நான் முதன்முதலில் பார்த்த கடல் ஒரு வேட்டியில் இருந்தது.

மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அறுவடை முடிந்த கையோடு அம்மாச்சி ஊருக்குத் தோல்பாவைக்கூத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு குடும்பம், ஒரு மரப்பெட்டி, ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். மந்தையில் நாலு கம்பு ஊன்றிப் பழம்புடவைகளால் சுற்றிக் கட்டி, முன்னால் இரண்டு வெள்ளை வேட்டியை ஒட்டுப்போட்டு இழுத்துக் கட்டினார்கள். பத்து நாள் ராமாயணம். பகலில் பெட்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். தொட விடமாட்டார்கள். ஆட்டுத்தோலை ஊறவைத்து, முடி சுரண்டி, இழுத்துக்கட்டிக் காயவைத்து, உளியால் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டு, சாயம் ஏற்றி, நடுவில் மூங்கில் குச்சியைப் பிளந்து செருகிய பாவைகள். வெளிச்சத்தில் பிடித்தால் பனங்கற்கண்டு நிறத்தில் மினுங்கும். தங்களுக்குள் அவர்கள் என்னவோ பாஷை பேசிக்கொண்டார்கள். ராமர் பேசுகிற பாஷை என்றே நாங்கள் நம்பினோம். அது மராத்தி என்று பின்னாளில் தெரிந்தது. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்தவர்கள் என்பார்கள்.

அந்தப் பத்து நாளில் எனக்கு மறக்காதது ராவணன் தலை உருண்டதல்ல. திருப்புல்லாணிதான். ராமர் கடலைக் கடக்க வழி கேட்டுத் தருப்பைப் புல்லில் படுத்துக் கிடக்கிறார். மூன்று நாளாகியும் கடலரசன் வரவில்லை. கோபத்தில் வில்லை எடுக்கிறார். அப்போது திரைக்குப் பின்னால் அந்த மனிதர் காலடியில் கிடந்த பலகையைத் தடதடவென்று மிதிக்கிறார், அவர் சம்சாரம் ஆர்மோனியத்தை அழவைக்கிறார், வேட்டியின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக மீன், ஆமை, சங்கு, முதலை எல்லாம் துள்ளி மேலே எழும்பி விழுகின்றன. கடல் கொதிக்கிறது. அந்தக் கொதிப்புக்கு நடுவே சின்னதாக ஒரு நண்டு மட்டும் பக்கவாட்டில் ஓடி ஒளிய இடம் தேடியது. ராமர் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் அந்த நண்டு என்ன பாவம் பண்ணியது என்று அம்மாச்சியைக் கேட்டேன். “கம்முனு பாருடா” என்றது அம்மாச்சி.

பத்து நாள் முடிந்ததும் ஊர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு ராத்திரி நல்லதங்காள் போட்டார்கள். மழையில்லை, பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிறாள். எங்கள் ஊரில் அந்த வருசமும் கண்மாய் வறண்டுதான் கிடந்தது. பெண்கள் அழுத அழுகையில் ஆர்மோனியமே கேட்கவில்லை. மழை பெய்யவும் கூத்துப் போடுகிற வழக்கம் உண்டு. ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வு’ என்ற சொல்லெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், முதல் கூத்தைப் போட்டபோது அத்தனையையும் மறந்துபோனேன். அதுதான் என் பிழை.

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கடற்பசுவை வைத்து ஒரு நிழல்கூத்து போடலாம் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். பிள்ளைகளிடம் ‘கடற்பசு வரைந்து வாருங்கள்’ என்றதும் பாதிப் பேர் கொம்பும் மடியும் நாலு காலும் வைத்து வரைந்து வந்தார்கள். ஒருத்தி கழுத்தில் மணியும் கட்டியிருந்தாள். படம் காட்டி, திருத்தி, துடுப்புக் கை, டால்பின் மாதிரி வால், கீழ்நோக்கித் தொங்கும் மூஞ்சி என்று ஒருவழியாக வெட்டி முடித்தோம். கதையை நான் எழுதினேன். கடற்பசு நல்லது. கடற்புல் நல்லது. கெட்டவன் ஒருத்தன் வேண்டுமே, பெரிய மீசையோடு ஒரு மீன்காரனை வெட்டினேன். கையில் ரெட்டை மடி வலை. வருகிறான், ஹா ஹா என்று சிரிக்கிறான், வலை போடுகிறான், கடற்பசு சாகிறது. கடைசியில் ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து, ‘கடல் வளம் காப்போம்’ என்று கோரஸ்.

கைதட்டல் வந்தது. ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து மட்டும்.

திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து நின்றார். முந்தின மாதம்தான் அவருடைய வத்தைக்குப் பேர் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“வாத்தியாரே, அந்த மீசைக்காரன் யாரு?”

“ஒரு மீனவர் அய்யா. சும்மா கதைக்காக.”

“எந்த ஊரு?”

“ஊரெல்லாம் இல்லய்யா…”

“இல்ல, மீசையப் பாத்தா என்னைய மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். அவர் பின்னால் கடற்பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருத்தர் நின்றார். விரல் நுனியெல்லாம் பாறையும் பவளக்கல்லும் கிழித்த தழும்பு. துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாலும் கிழிக்கத்தான் செய்யும். “நாங்க மாசத்துல பன்னெண்டு நாளுதான் தம்பி இறங்குறோம். பொம்பளைகளா கூடிப் பேசி வச்ச கணக்கு. மத்த நாளு பாசி வளரட்டும்னு விட்டுருவோம். அதெல்லாம் ஒங்க கூத்துல வரல. மீசைக்காரன் மட்டுந்தான் வந்தான்” என்றார்.

1986-இல் ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கிடக்கும் 21 தீவுகளையும் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அந்தத் தீவுகளில் இறங்கிக் குடிசை போட்டுக் கருவாடு காயவைத்த தலைமுறை இவர்களுடையது. அதற்கப்புறம் தீவில் கால் வைத்தாலே குற்றம். சட்டம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேட்டியில் கடலைப் பார்த்த ஒருவன் வந்து அவர்கள் பிள்ளைகளின் கையாலேயே அவர்களைத் திருடன் என்று காட்டினால் எப்படி இருக்கும்?

ஒரு மாதம் கரைப்பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. பிறகு பெரியவரே ஆள் அனுப்பினார். வத்தையில் எழுதிய பேரில் ஒரு ஒற்றெழுத்து உரிந்துவிட்டதாம். அதைச் சரிசெய்துகொண்டே ஆவுளியாவைப் பற்றி மெல்லக் கேட்டேன். எங்கள் பக்கம் கடற்பசு என்று யாரும் சொல்வதில்லை, ஆவுளியாதான்.

“தின்னுருக்கேன்” என்றார் எடுத்த எடுப்பில். “சின்ன வயசுல. அப்பெல்லாம் தப்புன்னு யாரும் சொல்லல. மாட்டுக்கறி மாதிரியும் இருக்கும், பன்னிக்கறி மாதிரியும் இருக்கும்.” 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதில் ஆவுளியா முதல் பட்டியலில் இருக்கிறது, புலியோடு சமமாக. அதற்கு முந்தைய கதையைச் சொல்கிறார்.

“மடி எங்க இருக்கும்னு தெரியுமா வாத்தியாரே? துடுப்புக்கு அடியில, கக்கத்துல. பொம்பளைக மாதிரி. குட்டிய அணைச்சுக்கிட்டுப் போகும்.” கையை மடக்கிக் காட்டினார். “அது மேஞ்ச எடத்தப் பாத்திருக்கியா? தெளிஞ்ச தண்ணியில வத்தையில இருந்து எட்டிப்பாத்தா, புல்லு நடுவுல ஏர் ஓட்டுன மாதிரி சால் சாலாத் தெரியும். வேரோட பிடுங்கித் திங்கும். அந்தச் சால் கண்டா இங்கன ஆவுளியா இருக்குன்னு அர்த்தம்.”

சால். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. கரிசல்காட்டுக்காரனுக்குச் சால் தெரியாதா? நாள் முழுக்க முப்பது நாற்பது கிலோ புல் தின்கிற ஒரு பிராணி கடலுக்கடியில் உழுதுகொண்டே போகிறது. மீன் முட்டையிடுவதும் இறால்குஞ்சு ஒண்டுவதும் அந்தப் புல்லுக்குள்தான். இதை நான் பாடப்புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். படித்தபோது எதுவும் ஆகவில்லை.

மறுபடி எழுதினேன். மீசைக்காரனைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் இடத்தில் உளுவத்தலையனை வைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: தோல்பாவைக்கூத்தில் ராமாயணமே நடந்தாலும் நடுநடுவே இரண்டு கோமாளிகள் வந்துவிடுவார்கள், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். சண்டை போடுவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள், ஊர்த் தலைவரைக் கிண்டலடிப்பார்கள், ரேஷன் கடையைத் திட்டுவார்கள். ராமர் பேசமுடியாததை எல்லாம் அவர்கள் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உளுவத்தலையன் பேரைச் சொன்னதும் என் பிள்ளைகள், “உளுவை மீன் தலையா சார்?” என்றார்கள். சேற்றில் கிடக்குமே, முட்டைக்கண் உளுவை, அதையே பார்த்து வெட்டிவிட்டார்கள். தோல்பாவையில் இருப்பதைவிட எங்கள் உளுவத்தலையன் அசல் உளுவை.

கதை இவ்வளவுதான். உளுவத்தலையன் கடன் வாங்கி வலை வாங்குகிறான். முதல் நாள் வலை போட்டதிலேயே ஆவுளியா மாட்டிக்கொள்கிறது. வலையை அறுத்தால் அது பிழைக்கும், அறுக்காவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். அறுத்தால் கடன்? உச்சிக்குடும்பன் கரையில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பேசி அவனைக் குழப்புகிறான். “அறுடா, புண்ணியம்!” “புண்ணியத்த வச்சு வட்டி கட்டுவியா?” “வனத்துறையில பரிசு குடுப்பாகளாம்டா!” “எப்ப? வலை மக்குனதுக்கு அப்புறமா?” ஆவுளியாவை விட்டவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்ததும் உண்மை, அந்த வசனத்துக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பும் உண்மை.

இந்த இடத்தில் ஒரு வேலை செய்தோம். ஆவுளியா மீன் இல்லை, நம்மை மாதிரி மேலே வந்து மூச்சு விடவேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை. வலை சிக்கியதும் ஒரு பையன் திரைக்கு முன்னால் வந்து, “எல்லாரும் மூச்சைப் பிடிங்க! வலை அறுக்குற வரைக்கும் விடக்கூடாது!” என்று கத்துவான். பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்காருவார்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வேண்டுமென்றே நிதானமாக வட்டிக் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். திரையில் ஆவுளியாவின் வால் மெல்ல மெல்ல ஆட்டம் குறையும். முப்பது விநாடி தாண்டியதும் கூட்டத்திலிருந்தே “அறுடா டேய்! அறுடா!” என்று ஒரே கூச்சல். முதல் தடவை போட்டபோது ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசிவரை விடவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா முதுகில் ஒரு அறை விட்டுத்தான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு மூச்சுப் பிடிக்கிற நேரத்தைக் குறைத்துவிட்டேன்.

கோரஸை எடுத்துவிட்டேன். வலையை அறுக்கிறான், ஆவுளியா போகிறது, உளுவத்தலையன் கிழிந்த வலையை வைத்துக்கொண்டு, “இத யார்டா பின்னுவா?” என்கிறான். விளக்கை அணைத்துவிடுவோம். கடற்பசுவுக்கென்று 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்த செய்தி வந்தபோது, ஆவுளியாவாக ஆடிய பிள்ளை, “நம்ம ஆவுளியா அங்க போயிருச்சா சார்?” என்று கேட்டாள்.

ஆமைக்கூத்தில் நடந்தது வேறு கூத்து. இந்தக் கடலில் ஆமைக்குப் பஞ்சமில்லை. பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று வகை வகையாகப் பேர் உண்டு. கரையேறி அதிகம் முட்டையிடுவது பங்குனி ஆமை. ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டை. ஐம்பது நாள் சுமாருக்குப் பொரித்து, ராத்திரியில் மணலைத் தள்ளிக்கொண்டு வரும் குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் வெளிச்சமான பக்கம் கடல்தான். நாம் தெருவிளக்குப் போட்டு வைத்தால் அது ரோட்டுக்கு ஓடி, விடிந்தால் காக்கைக்கும் நாய்க்கும் தீனி. இதுதான் கதை.

மாசி மாதம் அது. ஊர்க்காரர்கள் கடற்கரையிலேயே போடச் சொன்னார்கள். வாடகைக்கு ஜெனரேட்டர், திரைக்குப் பின்னால் ஒன்று, கூட்டத்துக்கு இரண்டு என்று ஃபோகஸ் லைட். கரை முழுக்கப் பகல் மாதிரி. நானே எக்ஸ்ரேயில் வெட்டிய கட்டைவிரல் பருமன் குஞ்சுகளை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு, “அய்யோ, தப்பான வெளிச்சம், தப்பான வெளிச்சம்!” என்று பின்னணியில் கதறிக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து கடல் பக்கம் ஒரு பார்வை, எங்கள் லைட்டை ஒரு பார்வை.

“சார், இந்த லைட்டப் பாத்து நெசக் குஞ்சு வந்துருமே?”

ஒரு விநாடி எல்லோரும் அமைதி. பிறகு ஜெனரேட்டர்காரர்தான் முதலில் சிரித்தார், அவரே போய் அணைத்தும் விட்டார். நான் அதுவரை யோசிக்கவேயில்லை. மிச்சத்தை மேலே மீன் ஏலம் விடும் கொட்டகைக்குள் கொண்டுபோய், சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, ஒரு செல்போன் டார்ச்சை மட்டும் வைத்துப் போட்டோம். சின்ன வெளிச்சத்தில் பாவையைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனால் சிறுக்கும், விளக்குப் பக்கம் இழுத்தால் பெருக்கும். குஞ்சைத் துரத்துகிற நாய் பாதித் திரை அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஃபோகஸ் லைட்டில் இந்தப் பயம் ஒருநாளும் வந்ததில்லை. கச்சான் காற்றில் திரை அடித்துக்கொண்டு போகிற தொல்லையும் கொட்டகையில் கிடையாது. இப்போது எல்லாக் கூத்தையும் டார்ச்சில்தான் போடுகிறோம்.

அடுத்து எடுத்திருப்பது முங்கிப்போன தீவு. 21 தீவில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை. கீழக்கரைக்கு எதிரே இருந்தது பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் இருந்தது விலங்குச்சல்லி. தீவைச் சுற்றி அலைக்கு அரணாக இருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கிற சர்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் அந்தக் கல்தான். 2001-இல்தான் பவளத்தையும் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள்.

தீவை எப்படி முக்குவது என்பதில் இரண்டு வாரம் போயிற்று. பாவையைக் கீழே இறக்கினால் லிப்டில் போகிற மாதிரி இருந்தது. பிள்ளைகளே சிரித்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன், “தீவ எறக்காதீக சார். அது அங்கனயே இருக்கட்டும். தண்ணிய ஏத்துங்க” என்றான். நீல எக்ஸ்ரே ஷீட்டை மூன்றடுக்காகக் கீழிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தோம். முதல் ஷீட்டில் மரத்தின் அடி மங்குகிறது. மூன்றாவதில் உச்சியில் உட்கார்ந்திருக்கும் கடற்காகம் மட்டும் தெளிவாக நிற்கிறது.

கல் வெட்டுகிறவன் பாத்திரம் ஒன்று வேண்டும். எழுதவே பயமாக இருந்தது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். வலையில் ஊசி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

“எங்கப்பா வெட்டுனவருதான். கடப்பாரையால நெம்பி, வள்ளத்துல ஏத்தி. ஒரு வள்ளத்துக்கு இம்புட்டுன்னு கூலி. நான் கூடப் போயிருக்கேன்” என்றார். கொஞ்ச நேரம் ஊசி மட்டும் ஓடியது. “அந்தக் கொரல நானே பேசுறேன். ஒனக்குக் கடப்பாரை சத்தம் வராது.”

“சரிங்கய்யா.”

“மீசை வைக்காத.”

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வந்தார். திரைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, நான் எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார், தாளில் இல்லாததை.

தண்ணீருக்கு இன்னும் நாலு ஷீட் தேவைப்படுகிறது. யார் வீட்டிலாவது பழைய எக்ஸ்ரே கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கை, கால் எலும்பு எடுத்தது சின்னதாக இருக்கும், குஞ்சாமைக்குத்தான் ஆகும். நெஞ்சு எக்ஸ்ரேதான் கடலுக்குச் சரியான அளவு.